வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல்

“போன் போட்டுப் பாருங்கம்மா” என்றார் எங்கள் சுற்றுலாக் குழுவில் வந்த ஆரணிக்காரர்.

போட்டேன். மணி என் தோளில் தொங்கிய பைக்குள் அடித்தது. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் முதலில் பையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அண்ணி தன் போனில் வைத்திருந்த நாதஸ்வரம் முழுதாக வாசித்து முடியும்வரை நான் அதை நிறுத்தவில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிட்டது.

“உங்ககிட்டயேதான் இருக்குது” என்றார் ஆரணிக்காரர். பெரிய கண்டுபிடிப்பு.

மணி இரண்டு இருபது. திரும்பும் படகு மூன்றரைக்கு. இடம், போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் ஒரு குட்டித் தீவு. வெள்ளைக்காரர்கள் மாளிகை கட்டி, ஆண்டு, அனுபவித்து, விட்டுப்போன இடிபாடுகளைப் பார்ப்பதற்காக எங்களை அங்கே இறக்கியிருந்தார்கள். காணாமல் போனவர் நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா, வசந்தா. வயது அறுபத்தொன்று. சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டு ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. சாப்பாடு இன்னும் ஆகவில்லை.

பையும் நானும்

நான் எப்படிப்பட்டவள் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. இருபத்தெட்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், படுத்த நேரம், வந்தவர், போனவர் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் காணாமல் போனது கிடையாது.

அந்தப் பயணத்துக்கு என் கணவரும் வருவதாகத்தான் இருந்தது. பேருந்துப் பணிமனையில் கடைசி வாரம் அவருடைய விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள். வாசலில் பெட்டியை ஏற்றிவிட்டு, “அக்காவப் பாத்துக்க” என்று மட்டும் சொன்னார். அவர் நான்காம் வகுப்பு படிக்கும்போது தாய் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டு, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். அந்த இரண்டு சொல்லுக்குள் அவ்வளவும் இருந்தது.

பார்த்துக்கொண்டேன், என் முறைப்படி. அண்ணியின் போன், அடையாள அட்டை, படகுச் சீட்டு, மாத்திரை டப்பா, பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் வாங்கி என் பையில் தனித்தனி உறைகளில் போட்டு, உறைமேல் பெயர் எழுதினேன். “உங்ககிட்ட இருந்தா எங்கனா வெச்சிடுவீங்க அண்ணி.”

“என் கால மட்டும் இன்னாத்துக்கு என்கிட்டயே வுட்டு வெச்சிருக்க? அதையும் உறைல போட்டுக்க” என்றார் அண்ணி.

நான் சிரிக்கவில்லை. உறைகள் தீர்ந்துவிட்டனவா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மரம் பேசிய ஊர்

தீவுப் பயணம் என்றால் என்ன என்று மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். கடலைத் தாண்டிப் பறந்துபோய், இறங்கிய இடத்தில் தயிர்சாதம் கிடைக்குமா என்று கேட்பது. எங்கள் குழுவில் முப்பத்திரண்டு பேர். திருவண்ணாமலையும் சுற்றுவட்டாரமும். அதில் பதினோரு பேர் பெட்டியில் புளிக்காய்ச்சல் இருந்தது. விமானநிலையத்தில் ஒருவருடைய பாட்டில் உடைந்து, அந்தக் கூடமே கோயில் மடப்பள்ளிபோல் மணத்தது.

வழிகாட்டியின் பெயர் பாபு. பெற்றோர் கடலூர்ப் பக்கம், பிறந்தது தீவில். தலையில் தொப்பி, கையில் ஒரு நீலக் கொடி. எதைக் காட்டினாலும் ஒரே வாக்கியம்தான். “இது முக்கியமான இடம், போட்டோ எடுத்துக்குங்க, ஜல்தி.” சிறைச்சாலையும் முக்கியமான இடம். சிறைக்கு எதிரே இளநீர் விற்கும் இடமும் முக்கியமான இடம்.

ஊரின் பெயரே மாறிவிட்டது. சீட்டில் ஒரு பெயர், கடைப் பலகையில் ஒரு பெயர், பாபு வாயில் ஒரு பெயர். எதை எழுதுவது என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்றார். எல்லாம் ஒன்று என்று சொல்கிற மனிதரிடம் வரலாறு கேட்டு என்ன ஆகப்போகிறது? காலையில் சொன்ன சிறை அறைகளின் எண்ணிக்கையும் சாயங்காலம் சொன்னதும் வேறு வேறு. இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

அந்தச் சிறையைப் பற்றி எனக்குக் கேலி இல்லை. அதன் ஏழு கட்டடச் சிறகுகளில் மூன்றுதான் மிச்சம் இருக்கின்றன. அறைக்குள் நின்று மேலே இருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தபோது கையிலிருந்த நாட்குறிப்பை மூடிவிட்டேன். கேலி எல்லாம் எங்கள் மேல்தான். தூக்குமேடையில் எங்கள் குழுவின் இரண்டு தம்பதிகள் கயிற்றுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் நாக்கைக்கூட நீட்டினார். அவர் மனைவி “இன்னொண்ணு எடுங்க, கண்ண மூடிட்டாரு” என்றார்.

சாயங்காலம் அதே சிறையில் ஒலியும் ஒளியும் காட்சி. அங்கே ஐந்தேகால், ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. கடிகாரம் நம்முடையது, சூரியன் அவர்களுடையது. முற்றத்து அரசமரம் கதை சொல்வதாக ஏற்பாடு. மரம் இந்தியில் பேசியது. விளக்கு சிவப்பானது, நீலமானது, பச்சையானது. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த அண்ணி என் காதருகே குனிந்தார்.

“இந்த மரத்துக்கு யாரு மேல இவ்ளோ கோவம்?”

“வெள்ளைக்காரன் மேல.”

“அவன் போயி எவ்ளோ நாளாச்சி. இப்ப நம்மளப் பாத்துக் கத்துது.”

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள்

இதை எல்லாம் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. நான் பார்க்கப்படுகிற ஊரில் பிறந்தவள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருவில் செருப்பு மலைபோல் குவியும். காலைக்கடனுக்கு இடம் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள். செங்கம் சாலைப் பக்கம் போனால் தொளதொளப் பருத்திக் கால்சட்டை போட்ட வெளிநாட்டவர் காபி குடித்தபடி அமைதியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை ஒரு டெல்லிக்காரர் ஆட்டோவை நிறுத்தி என்னிடமே கேட்டார், இந்த மலையை எந்த இடத்திலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று. நான் காய்கறிப் பையுடன் நின்றிருந்தேன். “நான் பார்த்ததில்லை” என்றேன். அவர் அதை ஏதோ தத்துவம் என்று நினைத்துக் கும்பிட்டார்.

எனக்கு அவர்களைப் பற்றி எப்போதும் ஒரே எண்ணம்தான். வந்து, சுற்றி, படம் எடுத்து, ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள். நான் தீவுக்குப் போனால் அப்படிப் போகமாட்டேன் என்று இருந்தேன். அளவு நாடா கொண்டுபோயிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையைச் சுற்றி நடப்பது அண்ணிக்குப் பழக்கம். நாற்பது வருடமாக ஒரு பௌர்ணமிகூடத் தவறியதில்லை, தீட்டுக் காலம் தவிர. வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டர். நான் நடப்பதில்லை. ஒரே ஒருமுறை நடந்தேன். அதைச் சொல்லாமல் மேலே போகமுடியாது.

அடி அண்ணாமலையில் ஒரு விடியல்

கல்யாணம் ஆகி இரண்டாவது மாதம். விடியற்காலை நாலரைக்கு அண்ணி என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போதே சட்டத்தைச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டம் அது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேடக்கூடாது, திரும்பக்கூடாது, நிற்கவும் கூடாது. மலை வலப்பக்கம் இருக்கும்படி நடந்துகொண்டே இருக்கவேண்டும். கிளம்பின இடத்துக்கு வந்து சேர்ந்தால் எல்லோரும் அங்கே இருப்பார்கள்.

அடி அண்ணாமலைக்கு வரும்போது பொழுது விடிந்தது. ஒரு பெரிய கூட்டம் குறுக்கே புகுந்தது. திரும்பிப் பார்த்தேன், அண்ணி இல்லை. சட்டம் நினைவுக்கு வந்தது. ஆனால் எனக்குப் பிடித்த சட்டம் வேறு: தொலைந்த பொருள் தொலைந்த இடத்திலேயே இருக்கவேண்டும். அப்போதுதான் தேடுகிறவனுக்குக் கிடைக்கும். ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். ஒன்றரை மணி நேரம். கடைக்காரர் இரண்டு டீ கொடுத்தார். இரண்டாவது டீ குடிக்கும்போது அழுதேன்.

கடைசியில் என் கணவர் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டுபோனார். அண்ணி நடையை முடித்துவிட்டுக் கோபுரத்துக்கு எதிரே பூக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

“ஏன்டி நின்ன?” என்றார். “நின்னா எப்பிடிக் கெடைப்ப? நடந்தாத்தான கெடைப்ப.”

பூக்கடைக்காரி சிரித்தாள். எனக்கு இருபத்துநாலு வயது. அதற்குப் பிறகு நான் அவர் கூட நடக்கவில்லை. என்ன பேசினாலும், எத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்தாலும், அந்தச் சிரிப்பு என் நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது.

நடன மண்டபத்தின் நீளம்

தீவுக்கு வருவோம். அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒன்றரைக்கு மதிய உணவு என்று அச்சடித்திருந்தது. அதனால் சரியாக ஒரு மணிக்கு அண்ணிக்கு மாத்திரை கொடுத்தேன். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடவேண்டிய மாத்திரை. படகில் ஏறி உட்கார்ந்த பிறகு பாபு அறிவித்தார், படகுக்குக் கூட்டம் ஜாஸ்தி, அதனால் முதலில் தீவு, சாப்பாடு திரும்பி வந்து நாலு மணிக்கு.

“மாத்திரை போட்டாச்சே” என்றேன்.

“ஒண்ணும் ஆகாதும்மா, கடல் காத்து” என்றார் பாபு, கடல் காற்றில் மாவுச்சத்து இருப்பதுபோல.

பையில் பிஸ்கட் இருந்தது. இரண்டே கால்வரை பார்த்து, இரண்டே காலுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஏன் உடனே கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் பிறகு கேட்டார். ஒன்றேகாலுக்குப் பிஸ்கட் கொடுத்தால் அடுத்த வேளைக் கணக்கு கலைந்துபோகும் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் பதில்.

படகுத்துறையிலிருந்து சற்று மேலே ஒரு நடன மண்டபத்தின் இடிபாடு. கூரை இல்லை. சுவர்களை ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்திருந்தன, வீட்டையே மரம் விழுங்கிக்கொண்டிருப்பதுபோல. உள்ளே இரண்டு மான்கள் சிப்ஸ் பொட்டலத்தை மோந்துகொண்டிருந்தன. பாபு கொடியை ஆட்டி, “நூறு அடி நீளம். வெள்ளைக்காரங்க இங்கதான் டான்ஸ் ஆடுவாங்க. முக்கியமான இடம்” என்றார்.

நூறு அடி இல்லை. பார்த்த கண்ணுக்கே தெரிந்தது. “நூறு இருக்காதே” என்றேன்.

“போர்டுலகூட போட்டிருக்கும்மா.”

பலகையில் அப்படி ஒன்றும் இல்லை. நான் நாடாவை எடுத்தேன். ஆரணிக்காரர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வேரையும் கல்லையும் தாண்டி, மானை விரட்டி, மூன்று தடவையாக அளந்தோம். அறுபத்தேழு அடி. பாபுவிடம் சொன்னேன். “இடிஞ்சதுல கம்மியாயிருக்கும்” என்றார். குழுவே சிரித்தது. இடிந்தால் உயரம் குறையும், நீளம் எப்படிக் குறையும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மணி இரண்டு இருபது. பிஸ்கட் நினைவு வந்தது. திரும்பினேன். அண்ணி உட்கார்ந்திருந்த கல்லில் ஒரு மயில் நின்றது.

அந்த அறுபத்தேழு அடியை இன்றும் நான் சரியாகச் சொல்வேன்.

“இப்பதான் போனாங்க”

பாபு பதறவில்லை. “தீவுதானேம்மா, எங்க போயிடுவாங்க? சுத்தித் தண்ணி” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத் தண்ணீர் என்ற சொல் மட்டும் கேட்டது.

“எல்லாரும் படகு ஜெட்டிக்கு வாங்க, நான் ஒரு ஆளை அனுப்பறேன்” என்றார். நான் நிற்கவில்லை. இந்த முறை நிற்கமுடியவில்லை.

படகுத்துறையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. தீவின் நடுவில் ஒரு மேடு. அண்ணாமலையின் கணுக்கால் உயரம்கூட இருக்காது. பாதை அதைச் சுற்றிப் போய் மறுபடி துறைக்கே வந்து சேர்கிறது. நான் விறுவிறுவென்று இடப்பக்கப் பாதையில் இறங்கினேன். வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் கடல். ஏன் அந்தப் பாதை என்று அப்போது யோசிக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள்.

எதிரே வந்த ஒரு குடும்பத்திடம் கேட்டேன், வெறுங்காலோடு, மஞ்சள் சேலையில் ஒரு அம்மா. “இப்பதான் போனாங்க” என்றார்கள். இளநீர் விற்றவரிடம் கேட்டேன். திண்டிவனத்துக்காரராம். “தோ, இப்பதான் போனாங்க. நல்ல ஸ்பீடு.” கொஞ்சதூரம் போய் ஒரு காவலாளியிடம் சைகையில் கேட்டேன். அவரும் முன்னால் கையைக் காட்டினார். இப்போதுதான் போனவர் எப்போதும் இப்போதுதான் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு வளைவில் உடைந்த செங்கல் தூண் ஒன்று. அதன் நெற்றியில் மூன்று கோடு. புதுத் திருநீறு.

நின்றுவிட்டேன். இன்னும் கொஞ்சம் போனதும் பழைய ரொட்டி அடுப்பு. பலகையில் அப்படித்தான் போட்டிருந்தது. அதன் இரும்புக் கதவிலும் மூன்று கோடு. அடுத்தது, பெயர் அழிந்துபோன ஏதோ வெள்ளைக்காரரின் கல்லறை. சிலுவைக்குக் கீழே பட்டையாக விபூதி, நடுவில் துளி குங்குமம். உயிரோடு இருந்திருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பாரோ.

அப்போது புரிந்தது. எங்கள் மலையைச் சுற்றி எட்டு லிங்கம். அண்ணி இங்கேயும் எட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு நடக்கிறார். நான் நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கூட்டத்தைவிட்டுப் பிரிந்திருக்கிறார். பிரிந்தால் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்கிறார். தேடவில்லை. நிற்கவில்லை.

வெறும் வயிற்றில், மாத்திரை போட்ட உடம்போடு, உச்சி வெயிலில், ஒரு குன்றைக் கடவுளாக நினைத்துக்கொண்டு. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று ஒவ்வொரு புதருக்கும் கீழே பார்த்தேன். கணவரிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் எழுதி எழுதி அடித்தேன். அக்காவுக்கு மயக்கம். அக்காவை ஆஸ்பத்திரியில். அதற்கு மேல் எழுத வரவில்லை.

இப்போது அந்தப் பாதைக்கு வருகிறேன். வரைபடம் வரைகிறவள் நான். வட்டமான பாதையில் ஒருவர் முன்னால் போகிறார் என்றால், பின்னாலேயே ஓடுவதில் அர்த்தம் இல்லை. திரும்பி எதிர்த்திசையில் நடந்தால் நேருக்கு நேர் சந்தித்துவிடலாம். பத்து வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். மூன்றாவது திருநீற்றைப் பார்த்த கணமே எனக்கும் தெரிந்தது. திரும்பினேன்.

நான்கு அடி நடந்தேன். வலப்பக்கம் கடலும் இடப்பக்கம் மேடுமாக ஆனது. கால் வரவில்லை.

மலையை யாரும் இடமாகச் சுற்றுவதில்லை. எங்கள் ஊரில் மாடுகூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடமாக அந்த நடையை ஏளனம் செய்தவள், பௌர்ணமிதோறும் ஜன்னலைச் சாத்திக்கொண்டவள், ஒரு அந்நியத் தீவில், யாருக்கும் எதுவும் இல்லாத ஒரு மண்மேட்டைச் சுற்றித் தப்பான பக்கம் நடக்கத் தைரியம் இல்லாமல் நின்றேன். மறுபடி திரும்பினேன். வலப்பக்கம் மேடு. ஓட ஆரம்பித்தேன்.

அப்படியாக, நானும் அண்ணியும் ஒருவர் பின்னால் ஒருவராக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், அந்தத் தீவைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அவர் வெறுங்காலில் முன்னால். நான் புதுச் செருப்பில், குதிகாலில் கொப்புளத்தோடு பின்னால். நான்கு, ஐந்து, ஆறு. ஆறாவது ஒரு பதுங்குகுழியின் வாசல். ஏழாவது ஒரு தண்ணீர்த் தொட்டி. எட்டாவதைக் காணவில்லை. அதைத் தேடியே ஐந்து நிமிடம் போனது. எட்டாவது இல்லை என்றால் ஏழாவதுக்கும் துறைக்கும் நடுவில்தான் விழுந்திருக்கவேண்டும் என்று என் மூளை கணக்குப் போட்டது.

கயிறு

மூன்று நாற்பத்திரண்டுக்குப் படகுத்துறை கண்ணில் பட்டது. கூச்சல் அதற்கு முன்பே காதில் விழுந்தது.

படகு கிளம்பவில்லை. ஒரு கால் படகிலும் ஒரு கால் கல்படியிலுமாக அண்ணி நின்றிருந்தார். படகைக் கட்டும் கயிறு அவர் கையில் இரண்டு சுற்று. படகோட்டி இந்தியில் கத்தினார். பாபு இரண்டு மொழியிலும் கெஞ்சினார். வேறு குழுவைச் சேர்ந்த ஒரு பெண், “ஒருத்திக்காக அம்பது பேரு வெயிட் பண்ணணுமா?” என்றார்.

“பண்ணு” என்றார் அண்ணி. “எங்க வூட்டுப் பொண்ணு வராம இது நவுராது. அவசரம்னா நீ நீஞ்சிப் போ.”

ஆரணிக்காரர்தான் முதலில் என்னைப் பார்த்தார். “தோ வந்துட்டாங்க! கெடைச்சிட்டாங்க!”

படகே கைதட்டியது. கிடைத்தது நான். முப்பத்தொரு பேரும் காத்திருந்தது எனக்காக.

கிட்டே போய் அண்ணியைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. பையைக் கிழிக்காத குறையாகப் பிரித்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். உறைமேல் என் கையெழுத்தில் ‘வசந்தா அண்ணி – 2.15’ என்று இருந்தது.

அண்ணி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “இது இல்லன்னாலும் ஒண்ணும் ஆயிருக்காது. வெல்லம் தின்னேன்.”

“வெல்லமா? ஏது?”

முந்தானை முடிச்சைக் காட்டினார். ஈரத்தில் கசிந்த பழுப்புக் கறை. “நீ பாத்தா புடுங்கிப்பன்னு முடிஞ்சி வெச்சேன். அஞ்சாவதாண்ட கண்ண இருட்டிச்சி. குந்திக்கினு தின்னேன். அப்பறம் எழுந்து நடந்தேன்.”

நான் மூன்று நாளாகச் சோதனை போட்டுப் பிடுங்கிவைத்த இனிப்புகளில் தப்பித்த ஒன்று.

“எட்டாவது எங்க அண்ணி?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“திருநீறு தீந்துபோச்சி. இதோ, இதான்” என்று கயிறு கட்டும் இரும்பு முளையைக் காட்டினார். அதில் ஒன்றும் பூசவில்லை. பிறகு என் காலைப் பார்த்தார். “எந்தப் பக்கமா வந்த?”

“நீங்க போன பக்கமா.”

“பின்னாலயா?” அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். பூக்கடையில் சிரிப்பதற்கு இன்னொருத்தி இருந்தாள். இங்கே அண்ணியே சிரித்தார். “படிச்சவதான நீ? எதுக்க வந்திருந்தா அந்தத் தண்ணித் தொட்டியாண்டயே என்னப் புடிச்சிருக்கலாமே?”

“எதுக்க எப்பிடி அண்ணி வர்றது?”

சிரிப்பு நின்றது. பிறகு கயிற்றைப் படகோட்டியிடம் விட்டெறிந்துவிட்டு, என் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினார்.

உட்கார்ந்ததும் கையை நீட்டினார். “என் போனக் குடு. மாத்திரையும்.” கொடுத்தேன். உறையோடு வாங்கி, உறையைக் கடலில் போடப் போனவரை நான்தான் தடுத்தேன்.

பாபு நீலக் கொடியைச் சுருட்டிக்கொண்டே அறிவித்தார். “எல்லாரும் வந்தாச்சா? அடுத்தது லஞ்ச். முக்கியமான இடம்.” அந்த மூன்று நாளில் அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடானது அது ஒன்றுதான்.

திருத்தம்

விடுதிக்கு வந்து, குதிகாலுக்கு மருந்து போட்டு, வழக்கம்போல் நாட்குறிப்பை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே அதற்குள் இருட்டிவிட்டிருந்தது, ஊரில் இன்னும் வெளிச்சம் இருக்கும் நேரம்தான். அண்ணி கட்டிலில் கால் நீட்டி, தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். மாத்திரையை, பிஸ்கட்டை, நாடாவை.

“நல்லா இருந்திச்சிடா. மானு, மயிலு. செல்வி கூடவேதான் இருந்தா. ம்... ஆமா, ரெண்டு பேரும் சுத்திதான் வந்தோம்.”

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இன்னா எழுதுன? படி.”

படித்தேன். “2.20. அண்ணி காணாமல் போனார்.”

“யாரு?”

நான் பேனா மூடியைத் திருகினேன்.

“நான் எங்கடி காணாம போனேன்? எனக்குத் தெரிஞ்சிதான நடந்தேன். அடி அத.”

என் நாட்குறிப்பில் நான் எதையும் அடிப்பதில்லை. தவறு என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன். பாபுவின் பொய்களுக்குக்கூட அதுதான் மரியாதை. அன்று அளவுகோலை வைத்து அந்த வரியை நேர்கோடாக அடித்தேன். கீழே எழுதினேன்:

2.20. அண்ணி நடக்கத் தொடங்கினார்.

3.42. நான் கிடைத்தேன்.

“படி” என்றார். படித்தேன்.

“ம். இப்ப சரி” என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.